கடிபடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு

ஜாம்பி கேம்கள் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ப்ராஜெக்ட் ஸோம்பாய்ட் பற்றியவைதான், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். ஆடாதவர்களுக்கு இரண்டு வரி. தி இண்டி ஸ்டோன் என்ற குழு உருவாக்கியது, 2013 நவம்பரில் ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தில் முழுமை பெறாத வடிவத்தில் வந்தது, இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. கதை நடப்பது 1993 ஜூலையில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் நாக்ஸ் என்ற கற்பனைப் பகுதியில். இதில் ஜெயிப்பது என்று ஒன்று கிடையாது. நீங்கள் செத்த கதை இது என்று தொடக்கத்திலேயே திரையில் எழுதிக் காட்டிவிடுவார்கள். எத்தனை நாள் தள்ளிப்போடுகிறீர்கள் என்பதுதான் ஆட்டம்.

கேள்வி: அண்ணா, பத்து முறை ஆடிவிட்டேன், மூன்றாம் நாளைப் பார்த்ததே இல்லை. முதலில் எந்த ஆயுதத்தைத் தேட வேண்டும்?

பதில்: தம்பி, ஆயுதத்தை விடுங்கள். வாணலி, சுத்தியல், மரக்கிளையைக் கத்தியால் சீவிச் செய்த ஈட்டி, எது கிடைத்தாலும் அதை வைத்து முதல் வாரத்தை ஓட்டிவிடலாம். புதிதாக ஆடுபவர்களுக்குத் தீர்ந்துபோவது மூச்சு. எப்படி நடக்கிறது பாருங்கள்: ஒரு வீட்டுக்குள் நுழைகிறீர்கள், எதிரே ஒரு ஜாம்பி, பதறிப்போய் வெளியே ஓடுகிறீர்கள், ஓடுகிற சத்தத்துக்குத் தெருவில் இன்னும் நாலு திரும்புகிறது, சரி அடித்துவிடலாம் என்று நிற்கிறீர்கள், இரண்டு விழுவதற்குள் களைப்பு ஏறி, திரையின் வலது ஓரத்தில் மூச்சு வாங்கும் சின்னம் வந்துவிடுகிறது, அதைப் பார்க்காமல் இன்னும் வீசுகிறீர்கள். களைத்த கையால் அடிக்கும் அடிக்கு வலு கிடையாது. ஐந்தாவது ஜாம்பி விழாமல் கையைப் பிடித்துக்கொள்கிறது. கடித்தது அந்த ஐந்தாவது. உங்களைக் கொன்றது என்னவோ பத்து நிமிடம் முன்னால் ஓடிய அந்த ஓட்டம்தான்.

இந்தப் பத்து நிமிடக் கணக்கை நான் ரொம்ப நம்புகிறேன். ஒவ்வொரு முறை சாகும்போதும் கேமை மூடாமல் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கடிபட்ட இடத்திலிருந்து பின்னோக்கி யோசித்துப் பாருங்கள். எங்கே திரும்பிப் போயிருக்கலாம்? அநேகமாக ஒரே ஒரு இடம் கிடைக்கும். அங்கே உங்கள் மனதில் ஓடியது 'இன்னும் ஒரு அறை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம்' என்பதாக இருக்கும். எனக்குப் பெரும்பாலும் அதுதான்.

இனி செய்ய வேண்டியது. நடங்கள். வழக்கமான அமைப்பில் இந்தக் கேமின் ஜாம்பிகள் ஓடாது, நிதானமாக நடந்தாலே பெரும்பாலும் விலகிவிடலாம். ஓட்டத்தை உயிர் போகிற நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வந்தால் பின்னால் நகர்ந்துகொண்டே அடியுங்கள், இரண்டு வந்தால் ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றதைப் பாருங்கள், கீழே விழுந்ததை மிதித்து முடியுங்கள். இடுப்பளவு வேலி ஒன்று பக்கத்தில் இருந்தால் அதைவிட நல்ல நண்பன் கிடையாது. நீங்கள் தாண்டி இந்தப் பக்கம் நின்றால், அவை தாண்டும்போது தலைகுப்புற விழும், எழுவதற்குள் அடித்துவிடலாம். மூச்சு வாங்கும் சின்னம் முதல் முறை எட்டிப்பார்த்ததும் சண்டை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள், எத்தனை மிச்சம் இருந்தாலும் சரி. விலகிப் போய், யாரும் இல்லாத இடத்தில் தரையில் உட்காருங்கள், நின்றுகொண்டிருப்பதைவிடச் சீக்கிரம் தெம்பு திரும்பும்.

வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு சுற்று சுற்றி ஜன்னல் வழியாகப் பாருங்கள். திரை போட்டிருந்தால் உள்ளே இருப்பது தெரியாது, அப்போது வெளியிலிருந்தே சத்தம் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். க்யூ பட்டனை அழுத்தினால் உங்கள் ஆள் குரல் கொடுப்பான் (இது தெரியாமல் கைதவறி அழுத்தி மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய). உள்ளே இருப்பது கதவைத் தட்டத் தொடங்கும், நீங்கள் தயாராக வெட்டவெளியில் நிற்பீர்கள். குளியலறைக் கதவைத் திறந்ததும் மூக்குக்கு நேரே ஒன்று நிற்கும் சாவு இதனால் பாதியாகக் குறைந்துவிடும்.

கேள்வி: கையில் கீறல் விழுந்தது. கிருமிநாசினி போட்டுக் கட்டினேன். இருந்தும் உடல்நிலைப் பக்கத்தில் தொற்று என்று காட்டுகிறது. நான் ஜாம்பி ஆகிவிடுவேனா? புதிதாகத் தொடங்கிவிடவா?

பதில்: தொடங்காதீர்கள், அவசரப்படாதீர்கள். இதில் இரண்டு தொற்று இருக்கிறது, அந்தக் குழப்பத்தால் நல்ல ஆட்டத்தைத் தூக்கி எறிந்தவர்கள் ஏராளம். உடல்நிலைப் பக்கத்தில் காயத்துக்கு எதிரே தெரிவது சாதாரணச் சீழ்த் தொற்று. அழுக்குக் கட்டு, சுத்தம் செய்யாத காயம் இவற்றால் வருவது. கட்டை மாற்றுங்கள், கொதிக்கவைத்த துணியைப் பயன்படுத்துங்கள், ஆறிவிடும். கிருமிநாசினி வேலை செய்வது இதற்கு மட்டும்தான்.

ஜாம்பியாக மாற்றும் நாக்ஸ் தொற்று வேறு, அதை அந்தப் பக்கம் உங்களுக்குச் சொல்லவே சொல்லாது. வழக்கமான அமைப்பில் கீறலுக்கு 7 சதவீதம், தோல் கிழிந்த காயத்துக்கு 25 சதவீதம் வாய்ப்பு. கடி என்றால் மிச்சமே இல்லை. ஆகவே கீறல் விழுந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் பிழைக்கிறார்கள், பயத்தில் மட்டும் நூறு பேரும் செத்துவிடுகிறார்கள்.

எப்படித் தெரிந்துகொள்வது? காரணமே இல்லாமல் குமட்டல் சின்னம் வரும், ஓய்வெடுத்தாலும் போகாது, காய்ச்சல் ஏறிக்கொண்டே போகும். ஆனால் கெட்டுப்போன உணவு தின்றாலும், வீட்டைச் சுற்றிப் பிணங்கள் குவிந்து கிடந்தாலும் குமட்டல் வரும், அதனால் முதலில் இவை இரண்டும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிணங்களை வாசலிலேயே விட்டுவிட்டு 'தொற்றிக்கொண்டது, முடிந்தது கதை' என்று பதறுகிறவர்கள் உண்டு. இழுத்துப்போய்த் தள்ளிப் போட்டால் போதும்.

சரி, உண்மையிலேயே கடிபட்டுவிட்டால்? இரண்டு மூன்று நாள் கையில் இருக்கும். அந்த நாள்களை வீணாக்காதீர்கள். சாப்பாடு, கருவிகள், புத்தகங்கள், காரின் சாவி எல்லாவற்றையும் ஒரு வீட்டில் ஒழுங்காக அடுக்கிவையுங்கள். அதே உலகத்தில் அடுத்த ஆளைத் தொடங்கினால் அவனுக்கு அது பெரிய சொத்து. நான் நீண்ட நாள் பிழைத்த ஆட்டம் ஒன்று அப்படி முந்தைய ஆள் விட்டுச்சென்ற ஒரு கிடங்கிலிருந்து தொடங்கியதுதான்.

கேள்வி: துப்பாக்கி கிடைத்தது. எப்போது சுடலாம்?

பதில்: ஊரை விட்டுப் போகத் தயாராக இருக்கும்போது. ஒரு குண்டுச் சத்தம் கேட்கும் தொலைவில் இருக்கும் அத்தனை ஜாம்பியும் உங்களைப் பார்த்து நடக்கத் தொடங்கும். பத்தைக் கொன்று ஐம்பதை அழைப்பதில் லாபம் இல்லை. ஒரு கூட்டத்தை வேண்டுமென்றே ஒரு பக்கம் இழுத்துவிட்டு, காரில் மறுபக்கம் போய் நுழைவது என்றால் சுடலாம், அப்படிப் பயன்படுத்தினால் துப்பாக்கி அருமையான கருவி.

கேள்வி: எங்கே தங்குவது? பெரிய கிடங்கு, போலீஸ் நிலையம், காட்டு வீடு என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: இரண்டு வழி இருக்கும் இடம் எதுவானாலும் நல்ல இடம், ஒரே வழி இருக்கும் இடம் எவ்வளவு பலமாக இருந்தாலும் பொறி. இதுதான் என் அளவுகோல். ஜன்னல்களில் பலகை அடித்து, கதவுக்குப் பின்னால் பீரோவைத் தள்ளி, உள்ளே பத்திரமாக இருக்கிறோம் என்று நினைக்கும்போது ஒரு நாள் கூட்டம் வந்து பலகையைத் தட்டத் தொடங்கும். அவை களைப்பதில்லை, பலகை உடையும். அப்போது நீங்கள் எந்த வழியாக வெளியேறுவீர்கள்?

நான் செய்வது இது. மாடி வீடு, ஊரின் ஓரத்தில். மாடி ஜன்னலில் படுக்கை விரிப்புகளை முடிச்சுப் போட்டுச் செய்த கயிறு, அதற்கு நேர் கீழே, எண்ணெய் நிரப்பி, மூக்கு சாலையைப் பார்க்கும்படி நிறுத்திய கார். சம்மட்டி கிடைத்துவிட்டால் படிக்கட்டையே இடித்துவிட்டு இரண்டு பக்கமும் கயிற்றில் ஏறி இறங்கலாம், ஜாம்பிகளுக்குக் கயிறு ஏறத் தெரியாது. இரவில் ஜன்னல் திரைகளை மூடுங்கள், வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது. அப்புறம், முதல் வீட்டைப் போலவே, ஆனால் சிறியதாக, இன்னொன்று நாலு தெரு தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு நாளைக்கு உணவு, ஒரு கட்டுத்துணி, ஒரு ஆயுதம் போதும். தப்பி ஓடும்போது 'எங்கே போவது' என்று யோசிக்கும் அந்த ஐந்து நொடிதான் ஆளைத் தெருவில் நிற்கவைத்துவிடும்.

காரைப் பற்றிக் கேட்காமலே ஒன்று சொல்கிறேன்: கூட்டத்தின் நடுவே முன்பக்கமாக மோதிக்கொண்டு போகாதீர்கள். முன்பக்கம் நொறுங்கினால் அடி இஞ்சினுக்கு இறங்கும், கூட்டத்தின் நடுவிலேயே வண்டி நின்றுவிடும். மோதியே ஆக வேண்டும் என்றால் பின்பக்கமாக மோதுங்கள், அங்கே இருப்பது டிக்கி மட்டும்தான்.

கேள்வி: கரண்டும் தண்ணீரும் எப்போது நிற்கும்? அதற்குள் என்ன செய்து வைக்க வேண்டும்?

பதில்: வழக்கமான அமைப்பில் முதல் ஒரு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் நிற்கும், எந்த நாள் என்று தெரியாது. இருக்கும்போதே டிவி பாருங்கள், விளையாட்டாகச் சொல்லவில்லை. முதல் வாரத்தில் 'லைஃப் அண்ட் லிவிங்' சேனலில் சமையல், தச்சு வேலை நிகழ்ச்சிகள் வரும், சும்மா உட்கார்ந்து பார்த்தாலே அந்தத் திறமைகளுக்குப் புள்ளி ஏறும். புதியவர்கள் முதல் வாரம் முழுக்கத் தெருவில் அலைந்து சாகிறார்கள், வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தவன் ஆணி அடிக்கக் கற்றுக்கொண்டிருப்பான்.

வாளி, பாட்டில், பானை, கிடைக்கிற பாத்திரத்திலெல்லாம் தண்ணீர் பிடியுங்கள். பிறகு மழைநீர்த் தொட்டி கட்டலாம், அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். ஃபிரிட்ஜில் இருப்பதை முதலில் தின்று, டின் உணவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெனரேட்டர் கிடைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், இணைக்கத் தெரிய வேண்டும். எலக்ட்ரீஷியன் தொழிலைத் தேர்ந்தெடுத்தவனுக்குத் தெரியும், மற்றவர்கள் அதற்கான பத்திரிகை ஒன்றைத் தேடிப் படிக்க வேண்டும், புத்தக அலமாரிகளை ஒதுக்காமல் பாருங்கள். கரண்ட் போனால் பெட்ரோல் பங்கும் வேலை செய்யாது, ஆகவே இருக்கும்போதே கேன்களை நிரப்புங்கள். நிரப்ப மறந்துவிட்டவர்கள் ஜெனரேட்டரை பங்குக்கே தூக்கிக்கொண்டு போய் அங்கே ஓட்டினால் பம்ப் உயிர்பெறும். வீட்டில் ஓட்டும்போது ஜெனரேட்டரை வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால் புகை உங்களைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். கேமில் மட்டும் என்று நினைக்க வேண்டாம், நிஜ ஜெனரேட்டர் புகையிலும் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு மணம் கிடையாது.

கேள்வி: ஒரு வாரம் நன்றாகப் போனது, திடீரென்று ஹெலிகாப்டர் வந்தது, ஊரே என் வீட்டு வாசலில். என்ன தப்பு செய்தேன்?

பதில்: நீங்கள் எதுவும் செய்யவில்லை. அது வழக்கமான அமைப்பில் 6 முதல் 9-ஆம் நாளுக்குள் ஒரு முறை வரும். உங்களைத் தேடி மேலே சுற்றும், அந்தச் சத்தத்துக்குக் கூட்டம் கீழே வரும். ஒரு ரேடியோ வைத்திருந்தால் அவசர ஒலிபரப்பில் வானில் நடமாட்டம் இருப்பதாக முன்கூட்டியே அறிவிப்பு வரும், தினமும் கேளுங்கள். வரும் நாளில் உணவும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, உங்கள் வீடாக இல்லாத ஏதாவது ஒரு வீட்டுக்குள் போய்க் கதவடைத்துக்கொள்ளுங்கள். பார்வையில் படாதவரை அது உங்கள் தலைக்கு மேலேயே நிற்காது, கூட்டம் வந்தாலும் அந்த வேற்று வீட்டைச் சுற்றித்தான் நிற்கும்.

கேள்வி: 7 டேஸ் டு டை ஆடுகிறேன். ஏழாம் நாள் இரவு, எவ்வளவு தடித்த சுவர் கட்டினாலும் இடித்துவிடுகின்றன.

பதில்: சுவரைத் தடிமனாக்குவதை நிறுத்துங்கள், அவற்றுக்கு ஒரு வழி விடுங்கள். இந்தக் கேமில் ஜாம்பிகள் உங்களிடம் வர எது சுலபமான பாதை என்று கணக்குப் போடுகின்றன. பாதையே இல்லை என்றால்தான் சுவரை இடிக்கும், பள்ளம் தோண்டும். ஏறி வர ஒரு சரிவு, அதன் முடிவில் ஒரு குறுகலான பாலம், பாலத்தின் எதிர்முனையில் கம்பிக்குப் பின்னால் நீங்கள். வரிசையாக வந்து வரிசையாக விழும். கூட்டம் தாக்கும் அந்த ஏழாம் நாள் இரவுக்கு ரத்த நிலா என்று பெயர், அது 22 மணிக்குத் தொடங்கி காலை 4 மணிக்கு முடியும், அந்த ஆறு மணி நேரத்துக்கு மட்டும் என்று தனியாக ஒரு கோட்டை கட்டுங்கள். உங்கள் பெட்டிகளும் உலைகளும் இருக்கும் வீட்டில் அந்த இரவைக் கழிக்காதீர்கள். மற்ற நாள்களிலும் உலை, அடுப்பு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எரியவிட்டால் அந்த இடத்தின் சூடு ஏறி ஸ்கிரீமர் என்ற பெண் ஜாம்பி வரும், அவள் கத்தினால் கூட்டம் வரும்.

கேள்வி: லெஃப்ட் 4 டெட் 2-வில் நாலு நண்பர்கள் ஆடுகிறோம். எங்களை ஜாம்பிகள் கொல்வதைவிட நாங்களே ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்வதுதான் அதிகம்.

பதில்: முன்னால் போகிறவர் குனிந்துகொண்டு சுடட்டும், பின்னால் இருப்பவர் நின்றபடி சுடட்டும், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கூட்டம் வரும்போது ஓடாமல் மூலையில் முதுகைக் கொடுத்துச் சேர்ந்து நில்லுங்கள், நெருங்கியதைத் துப்பாக்கியால் சுடுவதைவிடத் தள்ளிவிடுங்கள். பூமர் என்ற, சுட்டால் வெடிக்கும் குண்டு ஜாம்பி பக்கத்தில் வந்தால் முதலில் தள்ளிவிட்டு, தூரம் கிடைத்ததும் சுடுங்கள், பக்கத்திலேயே வெடிக்கவைத்தால் எல்லார் மேலும் தெறிக்கும். அழுகைச் சத்தம் கேட்டால் அது விட்ச், சீண்டினால் பாயும் பெண் ஜாம்பி, டார்ச்சை அணைத்துவிட்டு ஒதுங்கிப் போங்கள். யார் வேகமாக ஆடுகிறாரோ அவரைப் பின்னால் வரச் சொல்லுங்கள். குழுவை உடைப்பவர் எப்போதும் நல்லா ஆடுகிறவர்தான், அவர் முன்னால் ஓடிப்போய் தனியாக மாட்டிக்கொள்வார், மற்ற மூவரும் அவரைக் காப்பாற்றப் போய் விழுவார்கள்.

கேள்வி: 2019-இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 2 ஆடுகிறேன், குண்டு போதவே இல்லை.

பதில்: எல்லாவற்றையும் கொல்லப் பார்க்கிறீர்கள். அடிக்கடி போக வேண்டிய தாழ்வாரத்தில் இருப்பதை மட்டும் கொல்லுங்கள், ஒரு முறை மட்டும் கடக்கும் அறையில் காலில் சுட்டு விழவைத்துவிட்டுக் கடந்து போங்கள். கிடைக்கும் மரப்பலகைகளை அந்தத் தாழ்வார ஜன்னல்களுக்குச் செலவழியுங்கள். லிக்கர் என்ற நீள நாக்கு மிருகத்துக்குக் கண் தெரியாது, காதுதான், மெதுவாக நடந்தால் பக்கத்திலேயே கடந்துவிடலாம். மனம் அடித்துக்கொள்ளும், ஆனாலும் நடங்கள்.

கேள்வி: மூன்று மாதம் ஆடிய என் ஸோம்பாய்ட் ஆள் நேற்று செத்துவிட்டான். வெறும் மருந்துக்காக ஒரு கடைக்குள் போனேன். திரும்ப ஆட மனமே வரவில்லை.

பதில்: படித்தபோது எனக்கும் கஷ்டமாக இருந்தது. கேம்தானே என்று சொல்லமாட்டேன். மூன்று மாதம் ஒரு ஆளுக்குச் சமைத்துப் போட்டு, படிக்கவைத்து, மழையில் நனையாமல் பார்த்துக்கொண்டால் அவன் மேல் பாசம் வரத்தான் செய்யும். இரண்டு மூன்று நாள் தொடாமல் இருங்கள்.

திரும்பி வரும்போது, இந்த இழப்பு தாங்காது என்று தோன்றினால் சாண்ட்பாக்ஸ் அமைப்பில், அதாவது விதிகளை நாமே மாற்றிக்கொள்ளும் வகையில், ஜாம்பிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், தொற்றையே நிறுத்திவிட்டும் ஆடலாம். அதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம், அந்த அமைப்புகளைக் கேமை உருவாக்கியவர்களே கொடுத்திருக்கிறார்கள்.

புது உலகம் தொடங்குவதற்கு முன் ஒன்று யோசித்துப் பாருங்கள். பழைய உலகத்தை அழிக்காமல் அதிலேயே புது ஆளைத் தொடங்கினால், உங்கள் வீடு, தோட்டம், நிரப்பி வைத்த எண்ணெய் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கும். பழைய ஆளும் இருப்பான். அந்த மருந்துக் கடைப் பக்கத்தில், நீங்கள் போட்டுவிட்ட அதே சட்டையில், அதே பையோடு நடந்துகொண்டிருப்பான். பையை எடுக்கப் போகும்போது பகலில் போங்கள், வெறும் தோளோடு போங்கள், கடைக்குள் நுழையாமல் வெளியே நின்று குரல் கொடுங்கள். அவனே வருவான்.